மூன்றாவது ஒயர்

1974 ஜூலை 8, திங்கட்கிழமை காலை ஏழே கால் மணிக்குத் திருவள்ளூரில் கோயில் குளத்தை ஒட்டிய தெருவில் ஆராவமுதன் வீட்டு ஃபியூஸ் போனது.

கூடத்து பல்பைக் கழற்றிவிட்டு, அந்த ஹோல்டரில் டிரில் மிஷினைச் செருகியிருந்தார் அவர்.

கும்மிடிப்பூண்டியில் அவர் ஸ்டோர் கிளார்க்காக இருந்த இரும்பு ஆலையை மார்ச்சில் மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து டிபன் காரியர் பரண்மேல் இருந்தது. இப்போது ஒரு பம்பு கம்பெனி, தகடுகளில் துளை போடும் வேலையை வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. ஆனால் ஒயரிங் பாதுகாப்பானதுதான் என்று மின்வாரிய இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். மனுப் போட்டாயிற்று; அவர் வெள்ளிக்கிழமை வருகிறார். நாலு மாதத்தில் வந்த ஒரே வேலை அது.

ஒயர்மேன் அப்பாவு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சாமி இது? இந்த ஒயரு பல்பு தாங்கறதுக்கே திண்டாடினுகீது. மிஷினுக்குத் தனி லைன் இழுக்கணும். மூணாவது ஒயரு போட்டு, குழி வெட்டி எர்த் குடுக்கணும்."

"பதினாலு வருஷம் ஸ்டோர்ல ஒயர் எடுத்துக் கொடுத்தவன் நான். எனக்குத் தெரியாதா அப்பாவு?"

"எடுத்துக் குட்த்தீங்க சாமி. கட்னது யாரு?"

அப்பாவு போனதும், ஃபியூஸில் ஓர் இழைக்குப் பதிலாக ஆறு இழைகளை முறுக்கி வைத்தார் ஆராவமுதன். ஃபியூஸ் போகவில்லை. சுவரோரம் ஒயர் புகைந்தது.

"யார் சாம்பிராணி போடறா?" என்று தளிகை உள்ளில் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள் மனைவி ஹேமாம்புஜம்.

"சாம்பிராணி இல்லை. ஒயர்."

"அப்போ சரி."

செவ்வாய்க்கிழமை அவரே தனி லைன் இழுத்தார். புதன்கிழமை மிஷின் ஓடியது. பிடித்த கை ஜிவ்வென்று இழுத்தது. எர்த் நினைவுக்கு வந்தது. குழி வெட்டத் தெம்பில்லை. மூன்றாவது ஒயரைக் கொண்டுபோய்க் கிணற்று ராட்டினத்தின் இரும்புக் கம்பத்தில் கட்டினார்.

வியாழக்கிழமை காலை ஹேமாம்புஜம் குளித்துவிட்டு, மூங்கில் கோலால் உயரக் கொடியிலிருந்து யார் கையும் படாத மடிப்புடவையை இறக்கி உடுத்திக்கொண்டு தண்ணீர் சேந்தப் போனாள். அவர் உள்ளே மிஷினைப் போட்டார். குடம் கயிற்றோடு கிணற்றுக்குள் போய்விட்டது.

"ஏன்னா, என்னமோ கடிச்சுடுத்து!"

"கரண்ட்."

"கிணத்துலயா? இனிமே பெருமாளுக்குத் தீர்த்தத்துக்கு நான் எங்கே போறது?"

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வரார் ஹேமா. ஒருநாள் பொறுத்துக்கோ."

"வரட்டும். வந்ததும் அவரும் ஜலம்தானே கேப்பார்?"

ஆராவமுதன் ஒயரைக் கம்பத்திலிருந்து அவிழ்த்தார். வேறெங்கும் கட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. இன்ஸ்பெக்டர் வருவதற்குள் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று, கழுவிவிட்ட முற்றத்தில் வெறுங்காலோடு நின்று மிஷினைப் போட்டார் ஆராவமுதன். கை ஒட்டிக்கொண்டது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

கரண்டியோடு எட்டிப் பார்த்தாள் ஹேமாம்புஜம். கரண்டியைக் கீழே வைத்தாள். மூலையில் இருந்த மூங்கில் கோலை எடுத்து அவர் மணிக்கட்டில் ஓங்கி ஒரு போடு போட்டாள். மிஷின் ஒரு பக்கம் விழுந்தது, அவர் ஒரு பக்கம் விழுந்தார்.

வாசலில் நின்று இதைப் பார்த்த இன்ஸ்பெக்டர் சுப்பராயன் ஓடிவந்து மெயினை அணைத்தார். ஆராவமுதனைத் தூணில் சாய்த்து உட்கார வைத்தார். மூச்சு சீராகப் பத்து நிமிடம் ஆயிற்று.

"அம்மா, பதறிப்போய்க் கையால புடிச்சிருந்தீங்கன்னா ரெண்டு பேருமே போயிருப்பீங்க. காஞ்ச மூங்கிலால தட்டணும்னு எங்க ஆளுங்களுக்கே அவசரத்துல தோணாது. யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

ஆராவமுதன் கலங்கிய கண்களோடு மனைவியைப் பார்த்தார்.

"கையால தொடறதாவது! நான் மடி. அவர் இன்னும் குளிக்கவே இல்லை" என்றாள் ஹேமாம்புஜம்.

சுப்பராயன் மனுவைத் தள்ளுபடி செய்தார். ஆராவமுதன் குளிக்கப் போனார்.