நாற்பத்தொன்றாம் எண் பசுவின் நிவாரணப் படலம்

ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தி, சரளைக்கற்கள் ஆலங்கட்டியெனச் சிதற, பிக்கப் வண்டி என்னும் துருவேறிய தேரை விரட்டிக்கொண்டிருந்தான் ஆர்விட் ஹாகன். வாழி அவன், டகோட்டாப் புல்வெளியின் பெருந்தலைவன், தொண்ணூறு கறுப்புப் பசுக்களின் காவலன், ஏப்ரல் பனிப்புயலுக்குக் கையுறை ஒன்றையும் பசு ஒன்றையும் மட்டுமே திறை கொடுத்த தீரன்.

செத்த மாட்டுக்கு அரசாங்கத்தின் அவசர நிவாரணம் கேட்க முப்பது நாள் கெடு. இன்று முப்பதாவது நாள். கவுண்டி வேளாண் அலுவலகம் நாலரைக்கு மூடும், மணி நாலேகால். அந்தத் தொகை வந்தால் ஒரு கிடாரி வாங்கலாம். வராவிட்டால் இந்த வருடம் மந்தையில் ஒரு தலை குறைவுதான்.

அப்போது, பின்னால் எழுந்த புழுதிப்படலத்தைக் கிழித்துக்கொண்டு, முகப்பு விளக்குகள் கொள்ளிக்கண்களாய் மின்ன, ஹாரன் போர்முரசாய் முழங்க, வந்தான் எமில் பொகார்னி. இருவர் நிலத்துக்கும் நடுவிலுள்ள பொதுவேலியில் அறுந்த முள்கம்பியை யார் கட்டுவது என்னும் மாபெரும் வழக்கால் பதினோரு ஆண்டுகளாக ஆர்விட்டோடு பேச்சுவார்த்தை அற்ற பகைவன். 'எனக்கு முன்னால் போய் வரிசையில் நிற்கப் பார்க்கிறான்' என்று தெளிந்த நம் நாயகன், சாலையின் நட்ட நடுவைப் பிடித்துக்கொண்டு பத்து மைலும் வழிவிடவில்லை. கைப்பேசி அலறியது. எடுக்கவில்லை.

நாலு இருபத்தெட்டு. வெற்றிவேந்தனாய் உள்ளே நுழைந்து, சாட்சிப்பொருளை மேசைமேல் வைத்தான்: அறுந்த வேலிக்கம்பியில் தொங்கிய மஞ்சள் காதட்டை, எண் நாற்பத்தொன்று.

அலுவலர் டார்லீன் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"உடல் எங்க?"

"நரி மிச்சம் வைக்குமா?"

"அப்போ சாட்சிக் கையெழுத்து வேணும். சொந்தக்காரங்க போடக்கூடாது."

இடி விழுந்தது. ஏனெனில் ஆர்விட்டின் தாய்க்கு உடன்பிறந்தோர் ஏழு பேர். அவர்தம் வழித்தோன்றல்கள் கவுண்டியெங்கும் விண்மீன்போல் பரந்து கிடந்தனர்.

"நீயே போடேன்."

"நான் உன் சித்தி மக, ஆர்விட்."

அந்தக் கணம் கதவு திறந்தது. மூச்சிரைக்க நின்றான் எமில். இப்பரந்த நிலப்பரப்பில் ஆர்விட்டுக்கு ரத்த உறவல்லாத ஒரே மனிதன்.

மலை சாய்வதுபோல் நம் நாயகனின் தலை சாய்ந்தது. பதினோரு ஆண்டுக் கோபத்தைத் தொப்பியோடு கழற்றி மார்பில் ஒற்றி, பேனாவைப் பகைவனிடம் இரு கைகளாலும் நீட்டினான் ஆர்விட்.

"வேலிய நானே கட்டிடறேன், எமில். இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"டார்லீன், நீயும் கேட்டுக்க. வேலிய அவன் கட்டறானாம்."

எமில் நிதானமாகப் படிவத்தைப் படித்தான். கடிகாரம் இருமுறை துடித்தது. பேனாவை மூடி, மேசைமேல் வைத்தான்.

"போட முடியாதுப்பா. புயலுக்கப்புறம் என் மந்தையில ஒரு மாடு கூடுதலா நின்னுச்சு. காது கிழிஞ்சிருந்துச்சு, அட்டை இல்ல. இன்னிக்கு மதியம்தான் குளிர்கால முடிய வழிச்சு, சூட்டுக்குறியப் பார்த்தேன். உடனே உனக்கு போன் போட்டேன், ஹாரனும் அடிச்சேன்."

"என்ன குறி?"

"உன்னோடது. செவ்வாய்க்கிழமை கன்னு போட்டிருக்கு, வந்து ஓட்டிட்டுப் போ."