எதிர்க் கம்பெனியின் மூளை

"வயர் எங்கய்யா?" என்றார் முதலாளி.

மேசைமேல் எதிர்க் கம்பெனியின் ஸ்பீக்கர் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. ஸ்பீக்கர் இருந்தது. சார்ஜ் போடும் வயர் இல்லை. முதலாளி பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியும் காட்டினார்.

"காலையில கடையில வாங்கினது. வயர் வெக்காம விக்கிறான். ஏன்?"

கேள்வி வியூகத்தைப் பார்த்து. வியூகம் என்பது அப்பா அம்மா வைத்த பெயரல்ல. வணிக வியூக மேலாளர் என்று அவர் அறைக் கதவில் எழுதியிருந்தது. அதில் அலுவலகம் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது. எதிர்க் கம்பெனி என்ன செய்கிறது, ஏன் செய்கிறது, பதிலுக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது அவர் வேலை.

எதிர்க் கம்பெனி சாலைக்கு அந்தப் பக்கம், நேர் எதிரேதான் இருந்தது. ஆனாலும் பத்து வருஷமாக இங்கிருந்து யாரும் அந்தப் படியை மிதித்ததில்லை. எதிராளி வாசலில் போய் நிற்பது கௌரவக் குறைவு என்பது முதலாளியின் கொள்கை. எதையும் ஜன்னல் வழியாகப் பார்த்தும், அவர்கள் சரக்கை வாங்கிப் பிரித்தும்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வயர் ஏன் இல்லை என்று வியூகத்துக்குச் சத்தியமாகத் தெரியாது. ஆனால் "தெரியலை சார்" என்று சொல்வதற்கு யாரும் அவ்வளவு சம்பளம் தருவதில்லை.

"துணிச்சலான முடிவு சார். எல்லார் வீட்டுலயும் நாலு வயர் கிடக்கு. இன்னொண்ணு எதுக்குன்னு கேக்கறான். சுற்றுச்சூழல் அக்கறை."

முதலாளியின் முகம் வாடிப்போயிற்று. "இது ஏன்யா நமக்குத் தோணலை?"

"தோணுச்சு சார். அதுக்குள்ள முந்திக்கிட்டான்."

"அப்ப நாம ஒரு படி மேல போகணும்."

போனார்கள். வயரோடு விளக்கப் புத்தகத்தையும் எடுத்துவிட்டார்கள். அவர்கள் ஸ்பீக்கரில் எட்டு பட்டன்கள். எது எதற்கு என்பது இனி வாங்கியவர் பாடு.

இரண்டு வாரம் கழித்து எதிர்க் கம்பெனி சரக்கு படமும் பெயரும் இல்லாத வெறும் பழுப்பு அட்டைப்பெட்டியில் கடைக்கு வந்தது. முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது.

"பிரிக்கிற வரைக்கும் உள்ள என்னன்னு தெரியாது சார். ஆர்வத்தைக் கிளப்பறான்," என்றார் வியூகம்.

"நாம?"

"நமக்குப் பெட்டியே வேண்டாம்."

பாலித்தீன் பையில் போட்டு அனுப்பினார்கள். பாதி ஸ்பீக்கர்கள் முனை உடைந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தன. கடைக்காரர்கள் போனில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அடுத்து நிறம். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்று விற்றுக்கொண்டிருந்த எதிராளி திடீரென்று கறுப்பு மட்டுமே அனுப்பினான். "கம்பீரம் சார்," என்றார் வியூகம். அந்த ஒரு வார்த்தையால் கிடங்கில் இருந்த நாலாயிரம் சிவப்பு ஸ்பீக்கருக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் போய் ஒலி வரும் துளைகளை அடைத்துக்கொண்டது. யார் பாடினாலும் ஜலதோஷத்தோடு பாடினார்கள். பட்டன்மேல் இருந்த அடையாளங்களும் பெயிண்டுக்கு அடியில் போய்விட்டன.

"பக்கத்து வீட்டுக்காரங்க உங்க ஸ்பீக்கர வாங்கிட்டு, ஆன் பண்ணத் தெரியாம எங்கிட்ட கொண்டு வந்தாங்க," என்றாள் அன்றிரவு வியூகத்தின் மனைவி.

"பண்ணிக் குடுத்தியா?"

"ஏழு பட்டன அமுக்கினேன். எட்டாவதுக்குள்ள அவங்களே வேண்டாம்னுட்டாங்க. பழசு நல்லாத்தானே இருந்துச்சு? ஏன் அதுல கைய வெச்சீங்க?"

"நல்லா இருந்தா மட்டும் போதுமா? எதிர்க் கம்பெனிக்காரன் சும்மா இருக்கானா?"

"அவங்களையே பாத்துக்கிட்டு இருங்க. சாப்பாடாவது நம்ம வீட்டுது சாப்பிடறீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்."

அடுத்த வாரம் எதிர்க் கம்பெனியின் புகார் எண்ணுக்குக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. "பழுதே வராதுங்கற நம்பிக்கை சார்," என்று வியூகம் சொல்லி முடிப்பதற்குள், முதலாளி தன் பழுதுபார்க்கும் பிரிவையே மூடிவிட்டார். போனில் திட்டிக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் நேரில் வந்து திட்ட ஆரம்பித்தார்கள்.

மூன்றே மாதத்தில் விற்பனை கால்வாசிக்கு இறங்கியது. முதலாளி வியூகத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவன் செய்யறதுக்கெல்லாம் நீ காரணம் சொல்ற. செய்யறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது சொன்னியா? வெள்ளிக்கிழமைக்குள்ள அவனோட அடுத்த திட்டம் என்னன்னு எனக்குத் தெரியணும். இல்லேன்னா என் மாப்பிள்ளை வீட்டுல சும்மாதான் இருக்காரு. உன் நாற்காலியில உக்கார வெச்சிருவேன்."

ஐம்பத்திரண்டு வயதில் வியூகம் வேண்டுமென்று வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? வியூகத்துக்கு வேறு தொழிலும் தெரியாது. அடுத்தவன் செய்ததற்குக் காரணம் சொல்லியே இருபது வருஷத்தை ஓட்டியாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை ஜன்னலில் நின்ற முதலாளி கத்தினார். "நாற்காலி மேசையெல்லாம் லாரியில ஏத்தறான்யா."

வியூகத்தின் வாய் பழக்கதோஷத்தில் தானே பேசிவிட்டது. "நின்னுக்கிட்டு வேலை பார்த்தா சோம்பல் வராது சார்."

பதினோரு மணிக்கு இங்கேயும் நாற்காலிகள் வெளியேறின. முதலில் போனது வியூகத்தினுடையது. மாப்பிள்ளை வந்தாலும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு ஒரு சின்ன ஆறுதல்.

இனி ஊகித்துப் பயனில்லை. முதலாளிக்குத் தெரியாமல் வியூகம் சாலையைக் கடந்தார். எதிர்க் கம்பெனி வாசலில் இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒருவர் லாரிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யா, உங்க ஸ்பீக்கர் பெட்டியில வயர் வேண்டாம்னு முடிவு பண்ணது யாருன்னு தெரியுமா?"

"நான்தான். ஏன், யாராவது புகார் குடுத்தாங்களா?"

வியூகம் அவர் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. கும்பிடாத குறையாகக் கெஞ்சி, சாலையைக் கடந்து, மாடியேற்றி, முதலாளி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வயர எடுத்தது இவர்தான் சார்."

முதலாளி சாவிக்கொத்தை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பழுப்புப் பெட்டி?"

"அதுவும் நான்தான் சார்."

"கறுப்பு மட்டும் போதும்னது?"

"நான்தான் அனுப்பினேன்."

"புகார் போன எடுக்க வேண்டாம்னது?"

"எடுத்தா யாரு சார் பதில் சொல்றது? நான்தான் விட்டுட்டேன்."

முதலாளி எழுந்து நின்றிருப்பார்; ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். "உக்காருங்க," என்றவர், சுற்றிலும் பார்த்துவிட்டு அதை அப்படியே விட்டார். "அங்க என்ன பதவியில இருக்கீங்க?"

"கிடங்கு பாத்துக்கறேன் சார்."

"பாத்தியாய்யா? மூளையக் கொண்டுபோய்க் கிடங்குல ஒளிச்சு வெச்சிருக்கான்." முதலாளிக்குக் குரல் தழுதழுத்தது. "அய்யா, நாளையிலேருந்து நீங்க இங்க வந்துடுங்க. அங்க வாங்கறதுக்கு ரெண்டு மடங்கு தர்றேன். இவரோட அறை உங்களுக்கு."

தன் வேலைக்குத் தானே போய் ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்த முட்டாள் உலகத்தில் இன்னொருவன் இருப்பானா என்று வியூகம் யோசித்தார். மனைவியிடம் எந்த வாயால் சொல்வது?

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்று முதலாளி கிடங்குக்காரர் பக்கம் குனிந்தார். "அடுத்து என்ன செய்யப் போறீங்க?"

"அடுத்து என்ன சார், கதவப் பூட்டிச் சாவிய ஒப்படைக்கணும். வயர் தீந்துபோச்சு, அச்சடிச்ச பெட்டியும் தீந்துபோச்சு. விக்காம நின்ன கறுப்பத்தான் கிடைச்ச பெட்டியில போட்டுத் தள்ளிக்கிட்டிருந்தேன். இன்னிக்கு மேசை நாற்காலியும் போயிடுச்சு."

முதலாளி ஜன்னலைப் பார்த்தார். வியூகம் தரையைப் பார்த்தார்.

"உங்க முதலாளி கம்பெனிய மூடறாரா?" என்றார் முதலாளி கடைசியில். "ஏன்யா?"

"மூடி நாலு மாசம் ஆச்சு சார். உங்க பழைய ஸ்பீக்கரோட போட்டி போட நம்மால ஆகாதுன்னு எங்க முதலாளி அப்பவே ஒத்துக்கிட்டாரே."