ஒன்பதாவது வளைவும் மாப்பிள்ளையின் மனோதத்துவமும்

வெள்ளக்கடை,
18.11.1984

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பெருமாள் அவர்களுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரன் காளியண்ணன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் அக்காள் மாரியம்மாள், எங்கள் அம்மா, மாடு இரண்டு, அனைவரும் சௌக்கியம். பட்டணத்தில் அடைமழை என்று ரேடியோவில் சொன்னார்கள். நீங்களும் உங்கள் புத்தகங்களும் நனையாமல் இருக்க சேர்வராயன் சாமி துணை.

உங்கள் கடிதம் வந்தது. எம்.ஏ. பட்டத்துக்கு எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்காக, நீங்கள் எனக்குச் செய்த மனோதத்துவ முறையில் நிறை என்ன, குறை என்ன என்று தனித்தனியாக எழுதி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். பஸ் ஓட்டுகிறவனுக்கு அப்படிப் பிரித்து எழுத வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

பதினேழு வருஷம் இந்த மலைப்பாதையில் ஓட்டியவன் நான். ஆடி மாதம் ஒரு மத்தியானம் அடிவாரத்திலிருந்து ஏறி வரும்போது, ஒன்பதாவது வளைவில் என் கால் என்னைக் கேட்காமல் பிரேக்கை மிதித்து நின்றுவிட்டது. கண்டக்டர் ஸ்தனிஸ்லாஸ் முன்னால் வந்து, "ஏனுங்ண்ணா, குறுக்க எதாச்சும் வந்துச்சுங்களா?" என்றான். எதுவும் வரவில்லை. மறுவாரமும் அதே இடம். நான்காவது முறை நின்றபோது பின்னால் மூன்று லாரி, ஒரு கல்யாண வேன், வேனுக்குள் முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளை. அவர் இறங்கி வந்து என்னைக் கும்பிட்டார். டிப்போவில் என்னை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பார்க்கப் போட்டார்கள். மூன்று மாதத்துக்குள் சரியாகாவிட்டால் கடைசி வரைக்கும் ஷெட்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் ஆராய்ச்சிக்கு ஆள் தேடி ஊருக்கு வந்தீர்கள். பலாமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு என்னைப் படுக்கச் சொல்லி, என் கண்ணுக்குத் தெரியாமல் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, மனதில் வருவதையெல்லாம் சொல்லச் சொன்னீர்கள். முதல் நாள் கியர் பாக்ஸைப் பற்றிச் சொன்னேன், மாட்டைப் பற்றிச் சொன்னேன், பிறகு தூங்கிவிட்டேன். "தூக்கமும் ஒரு தடைதானுங்க மாமா" என்று அதையும் குறித்துக்கொண்டீர்கள். இரண்டாம் நாள், அப்பாவிடம் எனக்குப் பயமா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அடிமனது அப்படித்தான் மறைக்கும் என்றீர்கள். மூன்றாம் நாள் உங்கள் மனம் நோகக் கூடாதென்று ஆமாம் என்றேன். இப்போதுதான் உண்மை வருகிறது என்றீர்கள். "ஆமான்னாலும் ஆமா, இல்லைன்னாலும் ஆமான்னா, நான் எதுக்குங்க மாப்பிள்ளை பேசோணும்?" என்று கேட்டேன். அந்தக் கோபம் உங்கள் மேல் வந்ததல்ல, அப்பா மேல் உள்ளது, உங்களை நான் அப்பாவாக நினைக்கிறேன் என்று எழுதிக்கொண்டீர்கள். உங்களுக்கு வயது இருபத்து மூன்று. எனக்கு நாற்பத்து மூன்று.

ஒன்பதாம் நாள் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. ஐந்து வயதுக்குள் தாயின் அரவணைப்பில் குறை இருந்தால் பின்னால் இப்படிப் பயமாக வரும் என்று சமையற்கட்டில் உங்கள் அக்காளிடம் விளக்கினீர்கள். அம்மா அடுப்புக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. "கொட்டற மழைல இவனை முதுகுல கட்டிக்கிட்டு காப்பி பறிச்சேன். அதுல என்ன குறை கண்டுச்சுன்னு அந்தப் படிச்ச புள்ளையைக் கேளு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படுத்ததுதான், இரண்டு நாள் சாப்பிடவில்லை. நீங்கள் போய், "தெரியாம சொல்லிட்டனுங்க அத்தை" என்று நின்ற பிறகுதான் எழுந்து கஞ்சி குடித்தது.

பதினான்காம் நாள் நீங்கள் எதையும் கேட்கவில்லை. அம்மா அன்று நாகலூர் போயிருந்தது. எனக்கு எங்கிருந்தோ நனைந்த கம்பளி வாசனை வந்தது. முப்பத்தைந்து வருஷமாக வாயால் சொல்லாத பேர் வாயில் வந்தது. என் தம்பி மூக்கன். அவனுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை என்று, இவனாவது தங்கட்டும் என மூக்குக் குத்தி அந்தப் பேரை வைத்தார்கள். நாலு வயதில் காய்ச்சல் கண்டது. அப்பா அவனைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரிக்கு நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன். அதே ஒன்பதாவது வளைவில் அப்பா நின்றார். கல்லின் மேல் உட்கார்ந்தார். "வாங்கப்பா போலாம்" என்றேன். அவர் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வழியிலயே போயிட்டான்னு உங்கம்மாகிட்ட சொல்லாதடா சாமி. டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தாருன்னு சொல்லு" என்றார். அப்படியே சொன்னேன். இன்றுவரை அம்மாவுக்கு அதுதான் கணக்கு. இதைச் சொல்லி முடித்துக் குலுங்கிக் குலுங்கி அழுதேன். தான் கட்டியவனுக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதே உங்கள் அக்காளுக்கு அன்றுதான் தெரியும். நீங்கள் நோட்டை மூடிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அன்று நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. நிறை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

முடிச்சு அவிழ்ந்துவிட்டது, இனி வண்டி நிற்காது என்றீர்கள். டிப்போவில் கேட்டு, காலி பஸ்ஸில் செக்கிங் அதிகாரியை உட்கார வைத்து ஏறினேன். ஒன்பதாவது வளைவில் கால் பழையபடி பிரேக்கில் போய் நின்றது. கட்டிலில் இன்னும் இரண்டு வருஷம் பேச வேண்டியிருக்கும் என்றீர்கள். டிப்போ கொடுத்த தவணையில் இரண்டு வாரம்தான் மீதி.

நீங்கள் பட்டணம் போன பிறகு ஸ்தனிஸ்லாஸ்தான் என்னைச் சேலத்தில் ஒரு கண் டாக்டரிடம் இழுத்துப் போனான். இடது கண்ணில் பார்வை நாலைந்து வருஷமாகவே குறைந்துகொண்டு வந்திருக்கிறதாம். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் தூரம் பிடிபடுமாம். அந்த வளைவு குறுகல், கைப்பிடிச் சுவர் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்பதும் தெரியவில்லை, காலுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. கண்ணாடி போட்டு மூன்று வாரமாக ஓட்டுகிறேன். ஒரு நாளும் நிற்கவில்லை. பதினான்கு நாள் நீங்கள் அடிமனதில் தேடியது கண்ணில் இருந்தது மாப்பிள்ளை. குறை என்று கேட்டால் அது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இப்போது கண் தெளிவாகத் தெரிவதால் அப்பா உட்கார்ந்த கல்லும் தெரிகிறது. அதைத் தாண்டும்போது தம்பி பேரை மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். முன்னால் சொன்னதில்லை. இதை நிறையில் சேர்ப்பீர்களோ, குறையில் சேர்ப்பீர்களோ.

ஆகவே மூன்று வேண்டுகோள். கட்டுரையில் என் பேர் வரக் கூடாது. மூக்கன் சங்கதியை எந்த இடத்திலும் எழுதக் கூடாது, அம்மாவுக்கு அது ஒருக்காலும் தெரியவே கூடாது. பொங்கலுக்கு அவசியம் வாருங்கள், நோட்டை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நல்ல மார்க்கு வாங்கி, நல்ல இடத்தில் பெண் அமைந்து, நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று எங்கள் அனைவரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
காளியண்ணன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் இதை உங்கள் அக்காளுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருப்பதாக நினைத்தேன். கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறது. "எனக்கு அப்பவே தெரியுண்டா. ஊடு வந்து சேந்த அன்னைக்கே உங்கப்பன் சொல்லிட்டு அழுதாரு. நீ சின்னப் பையன், பொய் சொல்லிட்டமேன்னு நீ வருத்தப்படுவியேன்னு நான் வாயே தொறக்கல" என்றது. நாங்கள் ரெண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் முப்பத்தைந்து வருஷம் பேசாமல் இருந்திருக்கிறோம்.

அதனால் வேண்டுகோள் மூன்றையும் தள்ளிவிடுங்கள். பேரைப் போட்டே எழுதுங்கள். பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நோட்டோடு புறப்பட்டு வரவும். கட்டிலில் இந்த முறை அம்மா படுத்துக்கொள்ளுமாம். நான் வீட்டில் இருக்கக் கூடாதாம். அது சொன்னதை அப்படியே எழுதச் சொன்னது, எழுதுகிறேன்: "அவன் எப்படிச் செத்தான்னே எல்லாரும் பேசறீங்க சாமி. நாலு வருசம் உசுரோட இருந்தானே, அப்ப எப்படி இருந்தான்னு ஒருத்தரும் என்னைக் கேக்கல."