நன்னாரி சர்பத்தும் சுல்தானின் குடமும்

'வெள்ளி மாலை, அசர் தொழுகைக்குப் பின். தங்கமீன் ஒன்று வீடு வந்து சேர்ந்தது. நீளம் என் சுட்டுவிரல் அளவு. இடக்கண் வலக்கண்ணைவிடச் சற்றுப் பெரிது. பார்வையில் கம்பீரம். பெயர்: சுல்தான்.'

தினக் காலண்டர் தாளின் பின்புறம் நான் எழுதி வைத்த குறிப்பு இது. ஓரத்தில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி தேதி மூன்றும் உண்டு. (கல்யாணமான புதிதில் இதைப் பார்த்துவிட்டுத்தான் என் மனைவி ஜமீலா, "நீங்க மாப்ளையா, இல்ல பதிவாளர் ஆபீஸா?" என்று கேட்டாள்.)

நான் தேவிபட்டினத்துக்காரன். ஜமீலா கீழக்கரை. கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவது அவர்கள் வழக்கம். அங்கே மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதையை எழுத்தில் கொண்டுவர முடியாது. நான் தும்மினால் மூன்று அறைகளில் சுக்கு தட்டுவார்கள். ஆனால் அந்த மரியாதையில் ஒரு சிக்கல் இருந்தது: மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. என் மாமி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்து, "மாப்ளைக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்து ஜமீலா" என்பார். (ஆணம் என்றால் குழம்பு.) நானும் சுவரைப் பார்த்து, "போதும்" என்பேன். எங்கள் இருவரைப் பற்றியும் அந்தச் சுவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு செல்லப்பிராணி வளர்க்க வேண்டும் என்று ஜமீலா ஆசைப்பட்டாள். இப்படி ஒரு பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தால் நான் எப்படி நடந்துகொள்வேன் என்று அவளுக்கு அப்போது தெரியாது. நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பூனை வேண்டாம், மீன் ஆணம் கொதிக்கும் வீட்டில் அதன் ஒழுக்கத்துக்கு யார் உத்தரவாதம்? பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் சட்டப்படி குற்றம். லவ் பேர்ட்ஸ் மாமாவின் (என் மாமனார்) மதியத் தூக்கத்தைக் கெடுக்கும். முயல் ஒயரைக் கடிக்கும். எஞ்சியது தங்கமீன். சத்தமில்லை, சட்டச் சிக்கலில்லை. இவ்வளவு ஆராய்ந்து இந்தக் கடற்கரையில் யாரும் ஒரு மீனைத் தேர்ந்தெடுத்ததில்லை என்று இன்றும் பெருமையாகச் சொல்வேன்.

ராமநாதபுரத்தில் வாங்கி, பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர் போலும். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இது என்ன மீனு?"

"தங்கமீன்."

"கொழம்புக்கா, வறுக்கவா?"

"வளக்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கீழக்கரையில் இறங்கும்போது என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

வீட்டில் பிரச்சினை மீனால் வரவில்லை, தண்ணீரால் வந்தது. எங்கள் பக்கத்தில் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் குழாயில் வரும்போது பிடிக்க வேண்டும், வராதபோது வண்டிக்காரரிடம் குடம் குடமாக வாங்க வேண்டும். அடுப்படியில் வரிசையாக நிற்கும் எவர்சில்வர் குடங்கள்தான் ஒரு வீட்டின் உண்மையான சொத்து. சுல்தானுக்கு நல்ல தண்ணீர்தான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஒவ்வொரு முறை தொட்டித் தண்ணீர் மாற்றும்போதும் ஒரு குடம் போகும். மாமி ஒரு வார்த்தை சொன்னதில்லை. காலிக் குடத்தைக் கீழே வைக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். ஆனால் அவர் வளையல் சத்தம் கேட்டால் சுல்தான் மேலே வந்து வாயைத் திறப்பதையும் நான் கவனித்தேன். (குறித்தும் வைத்தேன். காரணம் அப்போது புரியவில்லை.)

ஒருநாள் சுல்தான் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. கடைக்காரர் ஒரு சிறு சீசாவில் நீல மருந்து கொடுத்தார். சில சொட்டுப் போதும் என்றார். நான் முறையாகச் செய்கிறவன். ஒரு சின்னக் குடம் நல்ல தண்ணீரில் மருந்தைக் கலந்து, கொஞ்சம் கல்லுப்பும் போட்டு, தூசி விழாமல் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, அடுப்படியில் மற்ற குடங்களோடு வைத்தேன். "இதை யாரும் தொட வேணாம்னு மாமிகிட்டச் சொல்லிரு" என்று ஜமீலாவிடம் சொன்னேன். அவள் அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தாள். தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்கா, போனுக்கா என்பதில் எங்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

அன்று வெள்ளி. ஜும்ஆ தொழுகை முடிந்து பெரிய மாமா வந்தார். மாமியின் அண்ணன். அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். எங்கள் வீட்டு வாசல் கதவின் நிறத்தைக்கூட அவர்தான் தீர்மானித்தார். நல்ல தண்ணீரில் மீன் குளிக்கிற சேதி அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"மாப்ளை, தப்பா எடுத்துக்கிறாதீங்க. ஊரு பூராவும் தண்ணிவண்டிக்கு நாயா அலையிது. உங்க மீனு மட்டும் ராஜா மாதிரி மூழ்கிக் கெடக்கு."

"மீன் மூழ்கித்தானே கெடக்கணும் பெரிய மாமா?" என்றேன்.

மாமா அவசரமாகத் தொண்டையைச் செருமினார். கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது: "காக்கா, வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல சர்பத் குடிங்க." (அண்ணனைக் காக்கா என்பது எங்கள் வழக்கம்.)

எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத். பெரிய மாமா திரும்பத் திரும்ப வாங்கிக் குடித்தார். நாங்களும் குடித்தோம். லேசாக உப்புக் கரித்தது. எங்கள் ஊரில் அதற்காக யாரும் சந்தேகப்படுவதில்லை. உப்புக் கரிக்காவிட்டால்தான் சந்தேகப்படுவோம்.

பெரிய மாமா வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "நாளைக்கு மத்தியானம் லுஹர் தொழுகைக்குள்ள இதை ஊருணியில கொண்டுபோய் விட்டுருங்க."

"ஊருணியில கொக்கு நிக்கிது பெரிய மாமா."

"கொக்குக்கும் அல்லாஹ்தானே சாப்பாடு போடணும்?"

முடிந்தது. புது மாப்பிள்ளை எதிர்த்துப் பேச முடியாது. சுல்தானை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் இடக்கண் என்னை மன்னித்தது போலவும் வலக்கண் மன்னிக்காதது போலவும் இருந்தது.

மறுநாள் காலை குளியலறையில் எனக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. நாகரிகமாகச் சொல்லப் பார்க்கிறேன். என்னிடமிருந்து வெளியேறியது பச்சை. வெளிறிய பச்சை இல்லை, நல்ல மழை வருஷத்து நாற்றங்கால் பச்சை. போனில் தேடினேன். எனக்கு இருக்கக்கூடிய வியாதிகள் திரை கொள்ளாமல் வந்தன. அவற்றில் பாதி என்னைப் போன்ற ஆண்களுக்கு வரவே வராதவை.

இதை யாரிடம் சொல்வது? மாமனார் வீட்டில், புது மாப்பிள்ளை, இந்த விஷயத்தை! சுவரிடம்கூடச் சொல்ல முடியாது.

வெளியே வந்தால் ஜமீலா கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். "என்னங்க, எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா வேற கல்யாணம் பண்ணிக்கிருவீங்களா?" சாகப்போகிறவன் நான், இவள் ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று குழம்பினேன். மாமா என்னைத் தனியே அழைத்தார். முகம் வெளுத்திருந்தது. "மாப்ளை, பீரோ சாவி இங்கன இருக்கு. பரண் சாவி அங்கன, ஆணியில தொங்குது. தெரிஞ்சு வச்சுக்கங்க. மனுசன் நிரந்தரமில்ல."

அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெரிய மாமா இறங்கினார். யாருக்கும் ஸலாம்கூடச் சொல்லாமல் நேராக மீன்தொட்டிக்குப் போனார். குனிந்து, கண்ணாடியில் கைவைத்து, "என்னய மன்னிச்சிரு" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வாயில்லாச் சீவனோட பதுவா பொல்லாதது மாப்ளை. ராத்திரியே என்னயப் புடிச்சிருச்சு. இது இந்த வீட்டுலயேதான் இருக்கணும். எத்தனை கொடம் தண்ணி வேணும்னாலும் ஊத்துங்க. இது என் வார்த்தை." (பதுவா என்றால் சாபம்.)

"என்ன பண்ணுது காக்கா?" என்றது கதவோரக் குரல்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. சொல்ற மாதிரி இல்ல."

சுல்தான் பிழைத்தது. அந்த மகிழ்ச்சியில் என் வியாதியையும் மறந்து, தண்ணீர் மாற்ற அடுப்படிக்கு ஓடினேன். துணி அவிழ்ந்து கிடந்தது. குடம் காலி. அடியில் ஒரு மடக்கு மட்டும் மிச்சம். நீலம்.

நீலம். நன்னாரி. பச்சை. எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. கூடவே இன்னொன்றும் விளங்கியது. நான் வாயை மூடிக்கொண்டால் சுல்தானின் உயிர் நிலைக்கும். ஆனால் இந்த வீட்டில் எல்லோரும் மரணப் பயத்தில் இருப்பார்கள். சொன்னால் சுல்தானும் போகும், என் மாப்பிள்ளை மரியாதையும் போகும். கூடத்துக்கு வந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "நேத்து சர்பத்துல மீன் மருந்து கலந்திருச்சு. குடிச்சவங்களுக்கு... காலையில... பச்சையா..."



"அப்ப உங்களுக்குமா மாப்ளை?" என்றார் மாமா.

"உங்களுக்குமா வாப்பா?" என்றாள் ஜமீலா.

பெரிய மாமா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டருக்குப் போன் போட்டோம். சீசாவில் எழுதியிருந்ததை வாசிக்கச் சொன்னார். பயமில்லை, நிறையத் தண்ணீர் குடியுங்கள், எந்தக் குடம் என்று பார்த்துக் குடியுங்கள் என்றார். தீர்ப்பு என்னாகும் என்று நான் பெரிய மாமாவைப் பார்த்தேன். "சொன்ன சொல்லு சொன்னதுதான். மீனு இருக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் கதவு திறந்தது. மாமி வெளியே வந்து, சுவரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். "மூடி வச்சிருந்துச்சு. நல்ல தண்ணிதானேன்னு எடுத்துட்டேன் மாப்ளை." மாமி என்னிடம் நேரடியாகப் பேசிய முதல் வாக்கியம். மூன்று தேதிகளோடும் குறித்து வைத்திருக்கிறேன்.

சுல்தான் இப்போது முற்றத்துச் சிமெண்டுத் தொட்டியில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்காது. கீழக்கரையில் இதைவிடப் பெரிய தங்கமீன் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், நம்ப மாட்டேன். எங்கள் குடும்பத்துக் கல்யாணப் பந்தியில் யார் தண்ணீர் ஊற்ற வந்தாலும் பெரிய மாமா டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு, "இது மனுசன் கொடமா, சுல்தான் கொடமா?" என்று கேட்பார். பந்தியே சிரிக்கும். மாப்பிள்ளை மரியாதை குறையவில்லை. நான் தும்மினால் இன்றும் சுக்கு தட்டுகிறார்கள், தண்ணீரை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. பின்னொரு நாள் அதே அளவு மருந்தை அதே குடத்தில் கலந்து சொம்பில் ஊற்றிப் பார்த்தேன். கண்ணாடி போடாத மாமாவுக்கே நீலம் தெரிந்தது. அன்று சர்பத் கலந்தவர் மாமி. பச்சை என்று சொல்லாத ஒரே ஆளும் அவர்தான். அவர் அன்று சர்பத் குடித்தாரா என்று ஜமீலா மூலமாகவும் நேரடியாகவும் பலமுறை கேட்டுவிட்டேன். தொட்டியோரம் உட்கார்ந்து, வளையல் குலுங்க, சுல்தானுக்குச் சப்பாத்தியைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே சிரிக்கிறார். எனவே அந்தத் தகவல் இந்தக் கட்டுரை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.