டைரக்டர் கட் சொல்லாத குற்றம்

அரியலூரில் வாழும் மதிப்புக்குரிய சம்பந்தி ராசாங்கம் அவர்களுக்கு, அரும்பாவூர் அழகேசன் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் துணைவியாரும், எங்கள் வீட்டு மருமகளாக வரவேண்டிய சிந்துவும் நலமாயிருக்க செட்டிகுளம் முருகனை வேண்டுகிறேன். இங்கு அனைவரும் நலம். என் வலது கன்னம் மட்டும் இன்னும் தேறவில்லை.

போன் செய்து பார்த்தேன், தாங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பிலும் என்னை பிளாக் செய்துவிட்டதாக மகன் மணிவண்ணன் சொன்னான். ஆகவே தபாலில் வருகிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் தாங்கள் பார்த்தது எதுவும் நிஜமில்லை. அது சினிமா. அதுவும் ரவுடிப் படங்களைக் கிண்டல் பண்ணுகிற சிரிப்புப் படம். அதில் வரும் தாதா, ஆளை வெட்டக் கிளம்பினா ராகுகாலம் பார்ப்பான், பொண்டாட்டிகிட்ட பர்மிஷன் கேப்பான், அடியாளுங்க எல்லாம் டிக்கெட் எடுத்து மினி பஸ்ல போவாங்க. இதைப் பார்த்துச் சிரிக்கணுமே தவிர, சுவரேறிக் குதிக்கக் கூடாதுங்க.

தாதாவுக்கு எங்க வூடு பொருத்தமா இருக்குன்னு சினிமாக்காரங்க கேட்டாங்க, கொடுத்தேன். நீங்க ஞாயித்துக்கிழமை வூடு பார்க்க வரதாத்தானே பேச்சு? அதுக்குள்ள கழுவித் துடைச்சு வச்சிடலாம்னு இருந்தேன். ஞாயிறு கரிநாள்னு யாரோ சொல்லி, நீங்க வெள்ளிக்கிழமையே வேன் எடுத்துட்டீங்க. ஷூட்டிங்ல போனை அணைக்கச் சொல்லிட்டதால நீங்க கூப்பிட்டதும் தெரியல. அன்னிக்குன்னு பார்த்து தாதா வேஷக்காரருக்கு வயித்தால போயி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. டைரக்டர் என் மீசையைப் பார்த்தாரு. 'ஐயா, ஒரே ஒரு ஷாட், உட்காருங்க'ன்னாரு. கறுப்புக் கண்ணாடி மாட்டி, தாம்புக்கயிறு கனத்துல கவரிங் செயினைப் போட்டு, 'நான் கட் சொல்ற வரைக்கும் என்ன நடந்தாலும் நிறுத்தாதீங்க'ன்னுட்டுப் போனாரு. சொன்ன சொல் தவறாத குடும்பம் சம்பந்தி எங்களுது, நீங்களே விசாரிச்சிருப்பீங்க.

எதிரி கும்பல் வேன்ல வந்து இறங்கணும், அதான் சீன். வேன் வந்துச்சு. வெள்ளை வேட்டிக்காரங்க பழத்தட்டோட இறங்குனாங்க. கிண்டல் படம்தானே, எதிரி பழத்தட்டோடதான் வருவான் போலன்னு நினைச்சேன். கறுப்புக் கண்ணாடியில ஆள் அடையாளமா தெரியுது? 'வந்தவன் ஒருத்தனும் உசுரோட திரும்பக் கூடாது, கேட்டைச் சாத்துங்கடா!'ன்னு கத்தினேன். சாத்திட்டாங்க. பத்துப் பன்னண்டு பேரு அருவாளோட ஓடி வந்தாங்க. எல்லாம் ரப்பர் அருவாங்க, வளைச்சா வளையும். நீங்க தட்டைத் தலையில கவுத்துக்கிட்டு, 'பொண்ணு வூட்டுக்காரங்கய்யா!'ன்னு அலறினதைக் கேட்டு, அடடா, மனுஷன் என்னமா நடிக்கிறாருன்னு அசந்து போனேன். பொண்ணோட தாய்மாமன் உத்திராபதி நேரா வந்து விட்டாரே ஒரு அறை, கண்ணாடி தெறிச்சுப் போயி அப்பத்தான் உங்க முகம் தெரிஞ்சுது. ஐயோ சம்பந்தின்னு எந்திரிக்கிறதுக்குள்ள நீங்க சுவரேறி வெங்காயக் காட்டுல இறங்கிட்டீங்க. உங்க ஒத்தைச் செருப்பு இங்கதான் இருக்கு. கழுவி வச்சிருக்கேன்.

குத்தம் முழுக்க அந்த டைரக்டர் மேலதான். மனுஷன் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தாரு? ஒரே ஒரு தடவை கட்டுன்னிருந்தா, அப்பவே எந்திரிச்சு வாங்க சம்பந்தின்னிருப்பேன்.

மணிவண்ணனுக்கு இது கிடைக்காம கிடைச்ச வரன். பையன் அன்னியிலேர்ந்து சரியா சாப்பிடல. போன்ல சிந்து போட்டோவைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், மறுபடி போட்டோவைப் பார்க்கிறான். அப்பன் அடிச்ச கூத்துக்குப் புள்ளையைத் தண்டிச்சிடாதீங்க.

பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும், உத்திராபதி அவர்களின் கைக்குத் தனியாக ஒரு கும்பிடும்.

இப்படிக்கு,
ஒருநாளும் ரவுடியாக இருந்திராத
அழகேசன்

பின்குறிப்பு: அண்ணே, நான் மணிவண்ணனோட அம்மா வீரம்மாள். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட கொடுத்தாரு, படிச்சுட்டுத்தான் ஒட்டுறேன். உங்க வேன் கதவு திறந்ததுமே 'இவங்க நம்ம ஆளுங்க இல்ல, கட் கட்'டுன்னு டைரக்டர் மைக்குல கத்தினாரு. அடுப்படியில நின்ன எனக்கே கேட்டுச்சு. இவருக்குத்தான் நிறுத்த மனசு வரல. கேட்டைச் சாத்துன்னது வசனத்துலயே இல்லண்ணே, இவரு சொந்தச் சரக்கு. தோட்டத்து ஆளு, முதலாளி சொல்றாரேன்னு சாத்திட்டான். அருவாளோட ஓடி வந்தவங்க இவரைப் பிடிச்சு நிறுத்தத்தான் ஓடி வந்தாங்க. உத்திராபதி அண்ணனுக்கு என் நன்றியைச் சொல்லுங்க, இத்தனை வருஷமா எனக்குக் கை வராத காரியம். மணிவண்ணன் இவரு மாதிரி இல்ல, என் வளர்ப்பு. நிறுத்துன்னா நிறுத்திடுவான். சிந்துகிட்ட இதை மட்டும் சொல்லுங்க.