மேடை மகானின் வசிய மோதிரம்

ஊரே அந்த மண்டபத்தில்தான் இருந்தது. இடம் கிடைக்காதவர்கள் சன்னலில் தொங்கினார்கள். சும்மாவா? மேடை மகான் வந்திருக்கிறாரே! அவருடைய வசிய மோதிரத்தைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தால் போதும், கூட்டம் சொக்கிப் போகுமாம். படிக்க வேண்டாம், யோசிக்க வேண்டாம், சொல்வதற்கு விஷயம்கூட வேண்டாம். இதைவிட வசதி வேறென்ன?

மகான் ஒரு கூச்சக்காரக் கடைக்காரரை மேடையேற்றி மோதிரத்தை மாட்டினார். கடைக்காரர் "வணக்கம்" என்றார். முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. "நன்றி" என்றார். அதே முன்வரிசை கண்ணைத் துடைத்தது. நமக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று பின்வரிசையும் துடைத்துக்கொண்டது.

கூட்டத்தில் எங்கள் நூலகரும் இருந்தார். தங்கமான மனிதர். ஆனால் அவர் பேசுகிற நாளில் மருந்துக்கடையில் தூக்க மாத்திரை விற்காது. எழுதி வந்ததைத் தலை நிமிராமல் ஒப்பிப்பார். மறுநாள் நகரசபை கூடி, அவருடைய நூலகத்தை மூடலாமா என்று முடிவெடுக்கப் போகிறது. அவர் பேசித்தான் காப்பாற்ற வேண்டும். பாவம், மோதிரத்துக்கு ஈடாக ஸ்கூட்டர் சாவியை நீட்டிக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் இருங்க" என்று சாவியைப் பிடுங்கினாள் அவர் மனைவி. அறிவியல் டீச்சர். "சாமி, மோதிரம் யார் போட்டாலும் வேலை செய்யுமா?"

"மைக் கம்பத்துல மாட்டினாக்கூட கம்பம் பேசும் தாயே!"

டீச்சர் மோதிரத்தை வாங்கினாள். சாவியைக் கணவர் சட்டைப்பையில் போட்டுவிட்டு, கையை இறுக மூடிக்கொண்டு மேடையேறினாள். கைப்பையிலிருந்து வாஷிங் மெஷின் கையேட்டை எடுத்து உருக்கமாக வாசித்தாள்.

"அழுக்குத் தண்ணீர் வெளியேறும் குழாயை வளைக்கக் கூடாது."

முன்வரிசையில் ஒரு மீசைக்காரர் தேம்பித் தேம்பி அழுதார்.

"அண்ணே, எதுக்கு அழுறீங்க?" என்றாள் டீச்சர்.

மீசைக்காரர் திருதிருவென்று விழித்தார். "அது... அந்தக் குழாய்... பாவம்மா."

மண்டபமே வெடித்துச் சிரித்தது. அன்றைக்கு முதல் நிஜமான சிரிப்பு. டீச்சர் கையை விரித்துக் காட்டினாள். காலி!

"மோதிரம் என் வீட்டுக்காரர் பாக்கெட்ல சாவியோட கிடக்கு. சரி, முன்வரிசைக்காரங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. இப்ப சாமியே மோதிரம் போட்டுப் பேசட்டும்."

நூலகர் எடுத்து நீட்டிய மோதிரத்தை மகான் மாட்டிக்கொண்டு, "அன்பு மக்களே" என்றார். யாரோ தும்மினார்கள். வேறு சத்தமில்லை. அடுத்த சொல் மகானுக்கே வரவில்லை. மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஓடிப்போய் வேனில் ஏறினார். முன்வரிசையும் அதே வேனில் ஏறியது.

"அப்ப நாளைக்கு நான் என்ன பண்றது?" என்றார் நூலகர், அழாத குறையாக.

"எழுதி வச்சதை வீட்லயே விட்டுட்டுப் போங்க. அவங்க முகத்தைப் பார்த்து ஏதாவது கேளுங்க. மனுஷங்கதானே, பதில் சொல்லுவாங்க."

மறுநாள் சபையில் நூலகர் வெறுங்கையோடு எழுந்து தலை நிமிர்ந்தார். "தலைவர் ஐயா, உங்க வீட்ல கடைசியா நூலகத்துலேர்ந்து புத்தகம் எடுத்துட்டு வந்தது யாரு?"

"என் சின்னப் பொண்ணு" என்றார் தலைவர். "இன்னும் திருப்பிக் குடுக்கல."

"அவ எங்க வந்து குடுப்பா ஐயா, நூலகத்தை மூடிட்டா?"

யாரும் கொட்டாவி விடவில்லை. நூலகம் பிழைத்தது.

அந்த முன்வரிசை இந்நேரம் வேறெங்கோ அழுதுகொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர் அழுகிறாரே என்று நீங்களும் கண்ணைத் துடைப்பதற்கு முன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் மகான்களுக்குத்தான் நிஜமாக அழுகை வரும். உங்கள் ஸ்கூட்டர் உங்களிடமே இருக்கும்.