உள்ளதுசொல்லியோடு ஒரே வகுப்பில்

பொய் சொல்லத் தெரியாத ஒருவனோடு ஒரே வகுப்பில் படிப்பதைவிடப் பாம்புப் புற்றின் மேல் பாய் விரித்துப் படுக்கலாம். எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் என்னோடு கல்லூரியில் படித்த அத்தனை பேரும் இதற்குச் சாட்சி.

இளையரசனேந்தல் பக்கமிருந்து பஸ்ஸில் வருவான். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. எங்களுக்கு அவன் ‘உள்ளதுசொல்லி’.

வகுப்புக்குத் தாமதமானால் நாங்கள் பஸ்ஸைப் பஞ்சராக்குவோம். அவனோ, வடை சூடாக இருந்தது, ஆற வைத்துத் தின்ன நேரமாகிவிட்டது என்பான். மேட்னி ஷோவுக்குப் போன முருகையா ஒருநாள், தனக்காக ‘உள்ளேன் ஐயா’ சொல்லும்படி அவனிடம் கேட்டுக்கொண்டான். பெயரைக் கூப்பிட்டதும் இவன் எழுந்தான்.

“அவன் வரல சார். ஆனா உள்ளேன் ஐயான்னு சொல்லச் சொன்னான். சொல்லிட்டேன்.”

ஒரு பரீட்சைத் தாளில், ‘கடைசி இரண்டு வரிகள் தற்செயலாகக் கண்ணில் பட்ட முன்பெஞ்சு விடை, மதிப்பெண் வேண்டாம்’ என்று எழுதிவைத்தான். வாத்தியார் அதற்குக் கீழே, ‘கேட்டாலும் கிடைக்காது, தப்பு’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம்தான் அந்த வினை வந்தது. மாடல் பரீட்சை முடிகிற நேரத்தில் முருகையாவின் காலடியில் கிடந்த ஒரு பிட்டைச் சூப்பர்வைசர் எடுத்துவிட்டார். காற்றில் பறந்து வந்தது என்று முருகையா சாதித்தான். ஆமாம், பயங்கரக் காற்று என்று நாங்களும் முதல்வரிடம் சொன்னோம். பின்பெஞ்சுக்காரனைக் கூப்பிடு என்றார் அவர். பின்பெஞ்சில் இருந்தது உள்ளதுசொல்லி. முருகையாவின் அப்பா தறி ஓட்டிப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். கல்லூரியை விட்டு நீக்கினால் மறுநாளே மகனும் தறியில்தான் நிற்க வேண்டும்.

“அவன் எழுதுனதுதான் சார். காலைல டீக்கடைல வச்சு எழுதுனான்” என்றான் உள்ளதுசொல்லி. முருகையா சுவரைப் பிடித்துக்கொண்டான். “ஆனா பாக்கல சார். எடுக்கப் பயந்து கடைசி வரைக்கும் அது மேலயே உக்காந்திருந்தான். எந்திரிக்கும்போது விழுந்துட்டு.”

“நீ பரீட்சை எழுதினாயா, அவனைப் பார்த்தாயா?” என்றார் முதல்வர்.

“பரீட்சைக்கு ஒண்ணும் தெரியல சார். அவனத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

முதல்வர் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தபடி திரும்பி நின்றார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது. பிறகு, இருவரும் அந்தப் பரீட்சையைத் தன் அறையிலேயே, தன் எதிரிலேயே மறுபடி எழுத வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டார்.

சாயங்காலம் நாங்கள் மூவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது முருகையாவுக்கு ஆறவில்லை. “ஏலே, அந்தத் தாள் என்னுது இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா உனக்கு வாயா வெந்துரும்?”

“சொல்லிருந்தா, நீ பாக்கலன்னு நான் சொன்னத எவம்லே நம்புவான்?”

பஸ் வந்ததும் முருகையா முண்டியடித்து முதலில் ஏறி, ஜன்னலோரத்தில் அவனுக்குத் துண்டு போட்டு இடம்பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினான். பஸ் கண்ணைவிட்டு மறைகிறவரைக்கும் நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம்.